கதவு நிலையில் ஐந்து கீறல்: மின் சக்கர நாற்காலியைத் திருப்புவது எப்படி?

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டின் குசினிக் கதவு நிலையில், தரையிலிருந்து இரண்டு சாண் உயரத்தில் ஐந்து கீறல்கள் இருக்கின்றன. மாமாவுக்கு மின் சக்கர நாற்காலி வந்த முதல் கிழமையில் விழுந்தவை. ஐந்தும் வலப்பக்க நிலையில்தான். இடப்பக்கம் ஒரு பழுதும் இல்லை. அதை அன்றைக்கே யாராவது கவனித்திருந்தால் ஒரு மாத அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

மாமாவுக்குக் கழுத்துப் பகுதியில் முண்ணாண், அதாவது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு, பாதிக்கப்பட்டிருக்கிறது. தோளை அசைப்பார், முழங்கையை மடக்குவார். மணிக்கட்டும் விரல்களும் சொல்வழி கேட்பதில்லை. கதிரை ரொறன்ரோவில் இருக்கும் உறவினர் வீட்டிலிருந்து கப்பலில் வந்தது. அங்கே ஒரு பெரியவர் பாவித்தது. நான் மின்னணுச் சாதனங்கள் திருத்துபவன் என்பதால், சார்ஜரைச் செருகுமுன் அதன் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன்: 120 வோல்ட் மட்டும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். வெளிநாட்டிலிருந்து கதிரை தருவிப்பவர்கள் வேறு எதைப் பார்க்கிறார்களோ இல்லையோ, அந்தச் சீட்டைப் பார்க்க வேண்டும். சில சார்ஜர்கள் இரண்டு மின்னழுத்தத்தையும் தாங்கும். தாங்காதவை முதல் நாளே புகைந்துவிடும்.

சார்ஜரை மாற்றினோம், பற்றரி ஏறியது, கதிரை ஓடியது, கதவில் மோதியது. சக்கர நாற்காலி விற்கும் ஒரு கடையிலிருந்து வந்தவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "ஐயாவின் கைக்கு இது சரிவராது. யாராவது பின்னால் நின்று தள்ளுகிற கதிரையே நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் என்னிடம் கேட்டார்: "தம்பி, பிழை என்னிலா, கதிரையிலா?"

பிழை இரண்டுக்கும் நடுவில் இருந்தது. அந்த நடுவில் என்ன இருக்கிறது என்பதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் கீழே இருந்து தொடங்குவோம். காரில் இருப்பது போன்ற சுக்கான் இந்தக் கதிரையில் கிடையாது. இரண்டு பெரிய சக்கரங்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மோட்டார், அவற்றுக்கு மின்சாரம் கொடுக்க 12 வோல்ட் பற்றரிகள் இரண்டு தொடராக, மொத்தம் 24 வோல்ட். இரண்டு மோட்டார்களும் ஒரே வேகத்தில் சுழன்றால் கதிரை நேரே போகும். வலது மோட்டார் மெதுவானால் வலப்பக்கம் வளையும். ஒன்று முன்னும் மற்றது பின்னுமாகச் சுழன்றால் நின்ற இடத்திலேயே வட்டமடிக்கும். இரட்டை மாட்டு வண்டியில் வலது மாட்டின் கயிற்றை இழுத்துப் பிடித்தால் வண்டி எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்தவருக்கு இது புதிதல்ல. ஆக, திருப்புவது என்பது தனியான ஒரு வேலை அல்ல; இரண்டு சக்கரங்களின் வேகத்தில் உள்ள வித்தியாசம்தான் திருப்பம்.

மற்றச் சிறிய சக்கரங்கள் பல்பொருள் அங்காடித் தள்ளுவண்டியின் சக்கரங்களைப் போல இழுத்த பக்கம் சுழல்பவை. அவற்றுக்கு ஒரு குணம் உண்டு. முன்னே போய்க்கொண்டிருந்த கதிரையைப் பின்னே எடுத்தால், அவை அரைவட்டம் திரும்பிக்கொண்டு கதிரையை ஒரு கணம் பக்கவாட்டில் உதைக்கும். லிப்டிலிருந்து பின்பக்கமாக வெளியே வருபவர் அந்த உதைப்பை எதிர்பார்த்துப் பழகியிருக்க வேண்டும். ஓட்டும் சக்கரங்கள் நடுவில் உள்ள கதிரை தன் மையத்திலேயே சுழலும் என்பதால் ஒடுக்கமான தொடர்மாடி லிப்டுக்கு அது வசதி. பின்னால் உள்ளதற்குத் திரும்ப அதிக இடம் வேண்டும். ஆனால் வேகமாக நேரே போகும்போது நிலையாக இருக்கும்.

இப்போது மேலே வருவோம். கைப்பிடியின் நுனியில் இருக்கும் சிறு தடி, ஜொய்ஸ்டிக். பார்ப்பதற்குத் தடி நேராகச் சக்கரத்தைத் திருப்புவதுபோல இருக்கும். உண்மையில் தடிக்கும் சக்கரத்துக்கும் எந்தப் பொறித் தொடர்பும் இல்லை. தடியின் அடியில் சிறு காந்தமோ கம்பிச்சுருளோ இருக்கிறது. அது எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை ஓர் உணரி மின்னழுத்தமாகச் சொல்கிறது. பல கதிரைகளில் தடி நடுவில் நிற்கும்போது ஏறத்தாழ 2.5 வோல்ட், முன்னே சாய்த்தால் கூடும், பின்னே சாய்த்தால் குறையும். பக்கவாட்டுக்கு இதேபோல் இன்னொன்று. இந்த இரண்டு எண்களையும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று வாசித்து, கணக்குப் போட்டு, இரண்டு மோட்டார்களுக்கும் எவ்வளவு மின்சாரம் என்று தீர்மானிக்கிறது. அதாவது, தடியைச் சாய்ப்பவர் கட்டளையிடுவதில்லை, விண்ணப்பம் கொடுக்கிறார். பெட்டி அதை எப்படிப் புரிந்துகொள்கிறதோ அப்படித்தான் கதிரை போகும்.

இந்தப் பெட்டியின் பிடிவாதம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பலரை அது பயமுறுத்தியிருக்கிறது. கதிரையை ஒன் செய்யும்போது கை தடியில் பட்டு அது சற்றுச் சாய்ந்திருந்தால் கதிரை அசையவே அசையாது, விளக்குகள் மட்டும் மின்னும். பழுது என்று நினைத்துக் கடைக்கு ஓடுவார்கள். பழுதில்லை. ஒன் ஆன உடனே கதிரை பாய்ந்துவிடக் கூடாது என்பதற்கான காவல் அது. தடியை விட்டுவிட்டு, ஓப் செய்து, மறுபடி ஒன் செய்தால் போதும். அதேபோல் கதிரை ஓப்பில் இருக்கும்போது பிரேக் தானாகவே பூட்டிக்கொள்ளும். கையால் தள்ள வேண்டுமானால் மோட்டாருக்குப் பக்கத்தில் உள்ள நெம்பை விடுவிக்க வேண்டும். தள்ளி முடிந்ததும் அதைத் திரும்பப் பூட்ட மறந்தால், சரிவில் கதிரை தன் பாட்டில் உருளும்.

இந்த ஜொய்ஸ்டிக்கின் கதையும் கனடாவில்தான் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் முண்ணாண் அடிபட்ட வீரர்கள், பெனிசிலின் வந்த பிறகு தொற்றுநோய்க்குப் பலியாகாமல் பிழைத்து வீடு திரும்பினார்கள். கையால் சக்கரத்தைத் தள்ள முடியாத அவர்களுக்காகத் தேசிய ஆராய்ச்சி சபையின் பொறியியலாளர் ஜோர்ஜ் கிளைன் 1950களின் தொடக்கத்தில் மின் கதிரையை உருவாக்கினார். இரண்டு சக்கரங்களுக்கு இரண்டு மோட்டார், கையில் ஒரு தடி என்ற அமைப்பு அடிப்படையில் இன்றும் மாறவில்லை. 1956 இல் அமெரிக்காவின் எவரெஸ்ட் அன்ட் ஜெனிங்ஸ் நிறுவனம் மின் கதிரைகளைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. மாறியது நடுவில் இருக்கும் பெட்டி. அது கணினியாகிவிட்டது, ஆகவே அதன் புத்தியை மாற்றலாம்.

மாமாவின் கீறல்களுக்குத் திரும்புகிறேன். ஏன் வலப்பக்கம் மட்டும்? அவருடைய பாதிப்பில் கையை உடம்பை நோக்கி உள்ளே இழுக்கும் தசைகள் பலவீனம். வெளியே விரிக்கும் தசைகள் ஓரளவு வேலை செய்கின்றன. ஆகவே வலக்கையால் தடியை முன்னே தள்ளினால் கை தன்னையறியாமல் வெளிப்பக்கம் சரிகிறது. கதிரை வலப்பக்கம் இழுக்கிறது. திருத்துவதற்குத் தடியை இடப்பக்கம் சாய்க்க வேண்டும். அந்த அசைவுதான் அவருக்குக் கடினம். முழுத் தூரம் வராது, பாதிதான் வரும். பாதிச் சாய்வுக்குப் பாதித் திருப்பம். அதற்குள் கதவு நிலை வந்துவிடும்.

இதற்கு மேல் வாசற்படி. எங்கள் குசினி வாசலில் ஒரு விரற்கடை உயர மேடு இருக்கிறது. முன்சக்கரம் அதில் ஏறும்போது கதிரை குலுங்குகிறது. கதிரை குலுங்கக் கை குலுங்குகிறது. கை குலுங்கத் தடி ஆடுகிறது. தடி ஆடக் கதிரை இன்னும் மோசமாகக் குலுங்குகிறது. பார்ப்பவருக்கு ஓட்டத் தெரியாதவர் தடுமாறுவதாகத் தோன்றும். நடப்பது என்னவோ ஒலிபெருக்கியின் முன் ஒலிவாங்கியைப் பிடித்தால் கூவுமே, அந்தச் சங்கதி.

இவை எல்லாவற்றுக்கும் பெட்டிக்குள் இலக்கங்கள் இருக்கின்றன. அவற்றை மாற்ற ஒரு கையடக்கக் கருவியோ, கணினியில் செருகும் விசேட சாவியோ வேண்டும். அது பெரும்பாலும் விற்பனையாளர் கையில்தான் இருக்கும், இது எனக்கு எரிச்சலூட்டும் விடயம். அறிமுகமான ஒரு தொழில்நுட்பவியலாளர் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கருவியோடு வந்தார். முதலில் செய்தது திருகாணி வேலை: உருண்டைத் தலைப் பிடியைக் கழற்றிவிட்டு, "யு" வடிவப் பிடியைப் பொருத்தினார். கை அதற்குள் உட்கார்ந்துகொண்டது. விரல் மடங்கத் தேவையில்லை. முழங்கை வெளியே சரியாதபடி கைத்தாங்கியில் ஓர் ஓரம் வைத்தார். பிறகுதான் கருவியைச் செருகினார்.

இடப்பக்கச் சாய்வின் எல்லையைக் குறைத்தார். அதாவது, மாமா பாதி சாய்த்தாலே பெட்டி அதை முழுச் சாய்வாக எடுத்துக்கொள்ளும். மற்ற மூன்று பக்கங்களும் பழையபடி. தடியின் "முன்" என்ற திசையையே சில பாகை வெளிப்பக்கம் திருப்பினார். மாமாவின் கை இயல்பாக எங்கே போகிறதோ அதுவே இப்போது நேர் முன். திரும்பும் வேகத்தை 45 இலிருந்து 20 சதவீதத்துக்கு இறக்கினார். நடுவில் தடி அசைந்தாலும் கதிரை கண்டுகொள்ளாத சிறு வட்டத்தைக் கொஞ்சம் அகலமாக்கினார். வேகம் ஏறுவதையும் இறங்குவதையும் மெதுவாக்கி, நடுக்கத்தை வடிக்கும் அமைவைக் கூட்டினார். கடைசியில் சொன்னவை இரண்டும் ஓட்டோவின் அதிர்ச்சிதாங்கியைப் போல. அதிகம் வைத்தால் கதிரை சோம்பேறியாகி, தடியை விட்ட பிறகும் சற்றுத் தூரம் போகும். ஆகவே ஒவ்வோர் இலக்கத்தையும் மாற்றி, ஓட்டி, மறுபடி மாற்றி... ஒன்றரை மணி நேரம், மூன்று தேநீர்.

மாமா குசினிக் கதவால் உள்ளே போனார். நின்றார். திரும்பினார். வெளியே வந்தார். ஆறாவது கீறல் விழவில்லை.

ஓட்டமுடியாது என்று முடிவுகட்டுமுன் இந்த ஒன்றரை மணி நேரத்தை யாராவது செலவழித்தார்களா என்று கேளுங்கள். புதிய கருவி வாங்குவது அதற்குப் பிறகு வரும் பேச்சு. கொழும்பில் இருப்பவர்கள் ராகமையில் உள்ள வாதநோய், புனர்வாழ்வு வைத்தியசாலையின் கிளினிக்கில் தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் கதிரையோடு போய்க் கேட்பது நல்லது. உடம்பின் எந்த அசைவு நம்பத்தக்கது என்று கண்டுபிடிப்பது அவர்களுடைய தொழில். பொறியியலாளருக்கு, எனக்கும்தான், அந்தக் கண் கிடையாது.

கை சிறிதும் அசையாதவர்கள் என்ன செய்வது? இங்கே ஒரு பிரிவினையைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. மின்விசிறியின் ரெகுலேட்டரும் மின்குமிழின் சுவிச்சும் ஒன்றல்ல. ரெகுலேட்டரில் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கூட்டலாம். சுவிச்சில் உண்டு அல்லது இல்லை. ஜொய்ஸ்டிக் ரெகுலேட்டர் இனம். நாடியால் (முகவாயால்) தள்ளும் ஜொய்ஸ்டிக்கும் அந்த இனமே. தசை தேய்வு நோய் உள்ளவர்களுக்கு, விரல் நுனி 10 கிராம் அளவு விசை கொடுத்தாலே அசையும் மிகச் சிறிய ஜொய்ஸ்டிக்குகள் இருக்கின்றன. ஒரு விரல் நுனி அசைந்தால்கூட முதலில் இந்த இனத்தைத்தான் முயன்று பார்க்க வேண்டும், ஏனென்றால் வளைவில் வேகத்தைச் சிறுகச் சிறுக மாற்றும் சுகம் சுவிச்சில் வராது.

சுவிச் இனத்தில் பெயர்பெற்றது ஊதி உறிஞ்சும் முறை. வாயருகே ஒரு மெல்லிய குழாய். பலமாக ஊதினால் முன்னே. பலமாக உறிஞ்சினால் நிற்கும், மறுபடி உறிஞ்சினால் பின்னே. மெதுவாக ஊதினால் வலம், மெதுவாக உறிஞ்சினால் இடம். இது பொதுவான ஏற்பாடு, ஆளுக்கு ஆள் மாற்றலாம். பலம் எது, மெது எது என்ற கோட்டையும் அவரவர் மூச்சுக்கு ஏற்ப அளந்து வைக்க வேண்டும். நுரையீரலில் பெரும் காற்று வேண்டும் என்று நினைக்காதீர்கள்; கன்னத்தை வைத்தே அந்த அழுத்தத்தை உண்டாக்கலாம். இந்த யோசனையின் வேர் 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் ரெஜ் மேலிங் என்பவர் செய்த கருவியில் இருக்கிறது. படுக்கையில் கிடப்பவர் ஊதி உறிஞ்சி மணியடிக்கவும் விளக்குப் போடவும் தட்டச்சு செய்யவும் அது உதவியது. அதன் பெயர் பொசம்; லத்தீனில் "என்னால் முடியும்" என்று பொருள்.

ஆனால் ஊதிக்கொண்டே வீதி முழுவதும் போக முடியாது. ஆகவே ஒருமுறை ஊதினால் கதிரை தொடர்ந்து முன்னே போகும்படி பூட்டிவிடுவார்கள். பூட்டிய கதிரைக்கு நிறுத்தும் சுவிச் ஒன்று தனியாகக் கட்டாயம் வேண்டும், தலையாலோ தோளாலோ தட்டும் இடத்தில். அது இல்லாமல் யாராவது இந்த முறையைப் பொருத்தித் தந்தால் வாங்காதீர்கள்.

தலைத்தாங்கியில் உணரிகளைப் பதிக்கும் முறையும் உண்டு. பின்னால் ஒன்று, இருபக்கமும் ஒவ்வொன்று. தலை பின் உணரியை அணுகினால் முன்னே போகும், பக்கத்து உணரியை அணுகினால் அந்தப் பக்கம் திரும்பும். அழுத்தத் தேவையில்லை, பக்கத்தில் போனாலே போதும். பின்னே வருவதற்கு உணரி மிச்சமில்லை என்பதால் இன்னொரு சுவிச்சால் முன்–பின் மாற்றிக்கொள்வார்கள்.

நாக்கைப் பயன்படுத்தும் ஆராய்ச்சி எனக்குப் பிடித்தது. நாக்கை அசைக்கும் நரம்பு முண்ணாண் வழியாகப் போவதில்லை, மூளையிலிருந்து நேராக வருகிறது. கழுத்தில் எவ்வளவு மேலே அடிபட்டாலும் நாக்கு பெரும்பாலும் தப்பிவிடும். அமெரிக்காவில் ஜோர்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் மைசம் கோவன்லூவின் குழு, நாக்கில் குத்திய தோட்டுக்குள் சிறு காந்தத்தை வைத்து, அது நகர்வதைத் தலையில் மாட்டிய உணரிகளால் கண்டறிந்து கதிரையை ஓட்டிக் காட்டியது. 2013 இல் வெளியான சோதனையில், ஊதி உறிஞ்சும் முறையைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகம், பிழையின் அளவோ ஒன்றே. மூளை அலைகளை வாசித்து ஓட்டும் கதிரைகளைப் பற்றிப் பத்திரிகைகளில் அடிக்கடி படிப்பீர்கள். தலையில் மாட்டும் மின்முனைகளால் வரும் சமிக்ஞை மங்கலானது, பழக நாளாகும், களைப்பும் அதிகம். அசைக்க எதுவுமே இல்லாதவருக்கு அது பெரிய வாசல். அசைக்க ஏதாவது இருப்பவருக்கு அதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன.

கதிரையே பார்த்து ஓடாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஓரளவு பார்க்கும். 1990களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவான நவ்செயார், மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி, எதிரொலியை வைத்துத் தடைகளை அறிந்தது. அங்கே ஒரு வேடிக்கையான சிக்கல். தடைக்கு அருகே போகாதே என்று கதிரைக்குச் சொல்லிக் கொடுத்தால் கதவு நிலையும் தடைதானே? மோதாமல் காப்பாற்றுகிறேன் என்று வாசலிலேயே நின்றுவிடும். ஆகவே கதவு கடப்பதற்குத் தனி நடத்தை, சுவரோரம் போவதற்குத் தனி நடத்தை என்று வகுத்தார்கள். ஓட்டுபவர் "அந்தப் பக்கம்" என்கிறார், கதிரை நுணுக்கத்தைப் பார்த்துக்கொள்கிறது. இப்படிப் பொறுப்பைப் பகிர்வதுதான் இத்துறையில் இன்றைய போக்கு, ஏற்கனவே உள்ள கதிரையில் பொருத்தும் உணரித் தொகுதிகளும் சந்தைக்கு வந்துவிட்டன.

ஆனால் எந்த உணரிக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. ஒளிக்கதிரால் அளப்பவை கண்ணாடிக் கதவை ஊடுருவிப் பார்த்துவிட்டு வழி திறந்திருக்கிறது என்றுவிடும். ஒலியால் அளப்பவை அதைக் கண்டுகொள்ளும். அகச்சிவப்பு ஆழக் கமராக்கள் உச்சி வெயிலில் திணறும். முன்னே மட்டும் பார்க்கும் உணரிக்குப் பள்ளம் தெரியாது. எழுந்து நிற்பதுதான் அதற்குத் தடை, கீழே இறங்குவது தடையல்ல. மூடியில்லாத வடிகானுள்ள நகரத்தில் அது சின்னக் குறை அல்ல.

நடைபாதையின் பக்கச் சரிவும் ஒரு தொல்லை. மழைநீர் வடிய வீதிப்பக்கம் சரித்திருப்பார்கள். கதிரை மெல்ல மெல்ல வாகனங்களை நோக்கி இழுபடும், ஓட்டுபவர் எதிர்ப்பக்கம் சாய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சில கதிரைகளில் கைப்பேசியில் இருப்பது போன்ற சுழற்சி உணரி இருக்கிறது. திரும்பச் சொல்லாமலே கதிரை திரும்புகிறது என்று கண்டால் அதுவே மோட்டாரைத் திருத்தும். ஊதி ஓட்டுபவர்களுக்கு இது இல்லாமல் சரிப்படாது. வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டமும் அதன் கீழ் 2006 இல் வந்த அணுகுவசதி ஒழுங்குவிதிகளும் நம் நாட்டில் இருக்கின்றன. காலி வீதி நடைபாதையில் மாமாவோடு போகும்போது அவற்றை எங்கெங்கோ தேடிப் பார்த்திருக்கிறேன்.

பெட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட அமைவுத் தொகுதிகளைச் சேமித்து வைக்கலாம். மாமா இரண்டு வைத்திருக்கிறார். ஒன்று வீட்டுக்குள், ஆமை வேகம். மற்றது வெளியே, நடப்பவரின் வேகத்தில். பின்னேரம் ஆனதும் தோள் களைத்துக் கை இன்னும் வெளியே சரிகிறது என்பதால் மூன்றாவது ஒன்று வேண்டும் என்கிறார். தொழில்நுட்பவியலாளர் வருகிற ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கிடையில் மாமாவின் கேள்வி வேறு: மெரைன் டிரைவுக்கு அப்பால் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக்கு இறங்க முடியுமா? முன்சக்கரத்தின் அகலத்தையும் தண்டவாளத்தின் ஓரத்தில் உள்ள இடைவெளியையும் அளந்து வரும்படி என்னை அனுப்பினார். அடிமட்டத்தோடு போய், ரயில் போகும் வரை காத்திருந்து, அளந்தேன். சக்கரம் இடைவெளியைவிட ஒரு விரல் அகலம் குறைவு.